கயிற்று நோட்டு

இந்த நாற்காலிக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. காகிதத்தை நாலாக மடித்து அடியில் வைத்தால் சரியாகிவிடும். எனக்கு முன்னால் இதில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஆடிக்கொண்டே பேசியிருப்பார்கள். பயத்தில் ஆடுகிறார்கள் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

நீங்கள் கேட்டது கோபத்தைப் பற்றி. மேஸ்திரி மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று. இல்லை. எங்கள் கம்பெனியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஒன்றரை வருடமாக நான் யாரிடமும் குரலை உயர்த்தியது கிடையாது. என்னை 'சாமி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேலியாக ஆரம்பித்தது. பிறகு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது.

எங்களுடையது தொட்டி சுத்தம் செய்யும் கம்பெனி. ஆலைகளில் எண்ணெய், சாயத்தண்ணீர், கழிவு என்று எது தேங்கினாலும் அடியில் சேறு படியும். வருடத்துக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, அந்தச் சேற்றை ஆள் இறங்கித்தான் வழிக்க வேண்டும். தொட்டியின் வாய் ஒரு ஆள் நுழையும் அகலம். வாய்க்கு மேலே இரும்பு முக்காலி, அதில் ஒரு கப்பி. கப்பி வழியாகப் போகும் கயிறு, இறங்குபவரின் இடுப்புப் பட்டையில் மாட்டியிருக்கும். மேலே கயிற்றுக்காரன் ஒரு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பான். நான்தான் கயிற்றுக்காரன். வேதியியல் படித்தவன் என்பதால் வாயு மீட்டரும் என் பொறுப்பு.

உள்ளே காற்று ஊதும் விசிறியின் சத்தத்தில் கத்தினாலும் காதில் விழாது. அதனால் கயிறுதான் பேச்சு. மேலிருந்து ஒரு முறை இழுத்தால் 'நல்லா இருக்கியா' என்று அர்த்தம். கீழிருந்து ஒரு முறை இழுத்தால் 'இருக்கேன்'. இரண்டு முறை இழுத்தால் கயிறு விடு. மூன்று முறை இழுத்தால் தூக்கு. தூக்குவதற்கு முக்காலியில் கைப்பிடி இருக்கிறது. எண்பது சுற்று. ஒருவனே சுற்றிவிடலாம். எனக்கு ஒரு நிமிடம் பத்து வினாடி ஆகும்.

ஒவ்வொரு இழுப்பையும் நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். உங்கள் மேசையில் இருப்பது அந்த நோட்டுதான். கையெழுத்து என்னுடையதுதான், நிபுணரிடம் அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை.

இன்னும் ஒரு விதி இருக்கிறது. கயிறு பிடித்திருப்பவனை யாரும் கூப்பிடக் கூடாது, அவனும் இடத்தைவிட்டு எழக் கூடாது. அவனுடைய போன் மேஸ்திரியின் தகர டப்பாவுக்குப் போய்விடும். நான் சேர்வதற்கு முன்னால் ஒரு கயிற்றுக்காரர் ஏதோ சத்தம் கேட்டுப் பதறி, கைப்பிடியை வேகமாகச் சுற்றிவிட்டாராம். மேலே வந்துகொண்டிருந்தவரின் தலை தொட்டியின் விளிம்பில் அடித்தது. அவர் பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு சொந்தப் பிள்ளைகளின் பெயர்களை மாற்றி மாற்றிச் சொன்னார். அன்றிலிருந்து பதறாத ஆள்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

என் மனைவியைப் பற்றியும் கேட்டீர்கள்.

அவள் வீட்டிலிருந்தே பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனா எப்போதும் காதோரம் இருக்கும். ஒருமுறை இந்த மாதிரி ஒரு நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது ஏழா ஒண்ணா? ஒரு ஆள் உயிரு இதுல இருக்குன்னு சொல்றீங்க, கோழி கிளறின மாதிரி எழுதியிருக்கீங்க" என்றாள். அன்று மாலை முழுவதும் என்னை உட்கார வைத்து எண்களை எழுத வைத்தாள். ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடும் பழக்கம் அப்போது வந்ததுதான்.

அவளுக்கு மூச்சுத் திணறல் உண்டு. பெரும்பாலும் மருந்து அடித்துக்கொண்டால் அடங்கிவிடும். அன்று மருந்துக் குப்பி தீர்ந்திருந்தது. 11.05க்கு என் போனுக்குக் கூப்பிட்டாள். மேஸ்திரி எடுத்தார். நான் பத்தடி தள்ளி டிரம்மில் உட்கார்ந்திருந்தேன். தொட்டிக்குள் 'கண்ணாடி' இருந்தார். தடிமனான மூக்குக்கண்ணாடி போடுவார், அதனால் அந்தப் பெயர். 11.50க்கு அவர் மேலே வந்தார். கை கழுவினோம். டீ வந்தது. மேஸ்திரி டப்பாவைத் திறந்து போனை என்னிடம் கொடுத்துக்கொண்டே, "உன் வீட்டுக்காரம்மா கூப்ட்டாங்க தம்பி" என்றார்.

பக்கத்து வீட்டு அம்மா கதவை உடைத்துத் திறந்தார். அவள் கதவுக்கு உள்பக்கம் விழுந்து கிடந்தாள். அரைமணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்களுக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியாது போலிருக்கிறது.

மருத்துவமனை நடைபாதையில் மேஸ்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "'அவரு இருக்காராண்ணே'ன்னு கேட்டா தம்பி. கயிறு புடிச்சிட்டிருக்கான்மா, வந்ததும் சொல்றேன்னேன். 'சரிண்ணே, அவசரமில்ல'ன்னு வெச்சிட்டா. குரல் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. சொல்லியிருந்தா நீ பதறியிருப்ப. கீழ ஆள் இருந்தான்ல?"

அவசரமில்லை என்று அவள் சொல்லியிருப்பாள். அப்படிப்பட்டவள்தான். மேஸ்திரி செய்ததும் விதிப்படி சரி. நானே எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னேன். கயிற்றை வேறு ஒருவரிடம் மாற்றிக் கொடுக்க அரை நிமிடம் போதும் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

அதற்கு அடுத்த மாதம்தான் கம்பெனியில் வகுப்பு ஆரம்பித்தார்கள். எனக்காக இல்லை. ஆட்களுக்குள் சண்டை அதிகமாகிவிட்டது என்று மேனேஜருக்குக் கவலை. புதன்கிழமை காலையில் அரைமணி நேரம். பலகையில் 'உள்ளே சமநிலை, வெளியே நல்லுறவு' என்று எழுதியிருந்தது. சொல்லிக்கொடுத்த அம்மா முன்பு வங்கியில் இருந்தவர். மெல்லிய குரல்.

"கோபம் வருதா, வரட்டும். நீங்க எதுவும் பண்ண வேண்டாம். பத்து மூச்சு எண்ணுங்க. சும்மா பாருங்க, அவ்வளவுதான்" என்றார்.

காற்று விசிறியைப் பார்த்துக்கொள்ளும் விசிறிக்காரர் முதல் வகுப்பிலேயே குறட்டை விட்டார். "நம்மாளு மோட்சத்துக்கே போய்ட்டான்" என்று பின்வரிசையில் சிரித்தார்கள். நான் மட்டும் சொன்னபடி செய்தேன். எனக்கு விடியற்காலையில் வேறு வேலை இல்லை. படுக்கையில் ஒரு பக்கம் காலியாக இருந்தால் சீக்கிரம் விழிப்பு வந்துவிடும். எழுந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்து மூச்சை எண்ணுவேன். மூன்று மாதத்தில் பழகிவிட்டது. எதுவும் என்னைத் தொடவில்லை. அதை அமைதி என்று அந்த அம்மா சொன்னார். அவருக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். எல்லாரும் என்னிடம் வர ஆரம்பித்தார்கள். ஒரு ஜோடி கையுறைக்காக இரண்டு வருடம் பேசாமல் இருந்த இரண்டு பேர் என் டிரம்முக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து சமாதானம் ஆனார்கள். அவர்கள் பேசி முடித்ததும் பத்து மூச்சு எண்ணினேன். அதற்குள் அவர்களே வெட்கப்பட்டுவிட்டார்கள்.

"சாமிகிட்ட ஒரு கேள்வி கேட்டுப் பாரேன்" என்பார் விசிறிக்காரர். "பத்து மூச்சு விட்டுட்டுதான் வாயத் திறப்பாரு. அதுக்குள்ள உனக்கு பென்ஷனே வந்துரும்."

சிரிப்பார்கள். ஆனால் இறங்கும்போது, "இன்னிக்குக் கயிறு யாரு, சாமியா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். நான் என்றால் முகம் தெளிந்துவிடும். ஒருவனுடைய மனம் நிலையாக இருந்தால் கூட வேலை செய்பவர்களுக்கு அது எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கயிறு வழியாகவே இறங்கும்.

அதிகமாக வந்தவர் மேஸ்திரிதான். வாரம் ஒருமுறையாவது வீட்டுக்கு வருவார். அவர் மனைவி, அண்ணி, கொடுத்துவிட்ட சாப்பாட்டுடன் வருவார். என் மனைவியின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, அவள் பேனாக்கள் இருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு, அதே கதையை மறுபடியும் சொல்வார். குரல் ஒரு மாதிரிதான் இருந்துச்சு தம்பி. ஒவ்வொரு முறையும் அந்த வாக்கியம் வரும்.

"என்னை மன்னிச்சிட்டியா?"

"மன்னிக்க ஒண்ணுமில்லண்ணே. நீங்க விதிப்படிதான் செஞ்சீங்க."

"நீ வாய்விட்டு ரெண்டு திட்டு திட்டுனா எனக்குத் தூக்கம் வரும்டா."

நான் திட்டவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு போவார். நல்ல மனிதர். அதை நான் எங்கேயும் மறுக்க மாட்டேன்.

இனி அந்த நாள்.

அது ஒரு பழைய கழிவுத் தொட்டி. ஆலைக்கு விடுமுறை. கண்ணாடிதான் இறங்குவதாக இருந்தது. முந்தின நாள் அவர் என்னிடம் வந்து, மகளுக்குப் பள்ளியில் பரிசு கொடுக்கிறார்கள், லீவு கேட்கப் பயமாக இருக்கிறது என்றார். "போங்க. பொண்ணு மேடை ஏறுறத ஒரு தடவைதான் பார்க்க முடியும். அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றேன். எப்போதும் இப்படித்தான் சொல்வேன். காலையில் மேஸ்திரியிடம் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டார்.

"சரி, விடு. நானே இறங்கறேன். நாலு வருஷமாச்சு இறங்கி." பிறகு என் தோளைத் தட்டி, "உன் கையில கயிறு இருந்தா எனக்கென்னடா பயம்" என்றார்.

மீட்டரை இறக்கிப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. மீட்டரின் கம்பி பாதி ஆழம் வரைதான் எட்டும், நீளமான கம்பி வண்டியில் இருந்தது. அசையாமல் கிடக்கும் சேற்றில் ஒன்றும் தெரியாது. கிளறினால்தான் அடியில் அடைபட்ட வாயு எழும். இதை வேதியியல் படித்தவன் தெரியாது என்று சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. "முகமூடி போடவாடா? அது கண்ணாடியில ஆவி படிஞ்சு ஒண்ணும் தெரியாது" என்று கேட்டார். "உங்க இஷ்டம்ணே" என்றேன். நான் யார் மேலும் எதையும் திணிப்பதில்லை.

தன் போனையும் உள்ளே போட்டு, டப்பாவை என் காலடியில் வைத்துவிட்டு 1.10க்கு இறங்கினார். நோட்டில் இருக்கிறது. 1.15க்கு ஒன்று, பதில் ஒன்று.

விசிறிக்காரருக்கு வயிற்றுப்புண். வேளைக்குச் சாப்பிடவில்லை என்றால் துடித்துப் போய்விடுவார். "நீங்க போய்ச் சாப்பிடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்றேன். "சாமின்னா சாமிதான்யா" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் எழுதிக் கொடுத்ததைப் படித்தீர்களா? என்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் எழுதியிருப்பார்.

1.24க்கு விசிறியை ஓட்டும் ஜெனரேட்டர் நின்றது. டீசல் தீர்ந்துவிட்டது. அது தீரும் நிலையில் இருந்ததைக் காலையிலேயே பார்த்திருந்தேன். கேன் பதினைந்து அடி தள்ளி இருந்தது. நான் எழவில்லை. கயிற்றுக்காரன் இடத்தைவிட்டு எழக் கூடாது என்பது விதி.

1.31க்கு மூன்று இழுப்பு. எழுதினேன். 1.32க்கு மூன்று. எழுதினேன். அதே நிமிடத்தில் மறுபடியும் மூன்று. பிறகு எண்ண முடியாதபடி தொடர்ந்து. அதை 'பல' என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள். ஏழுக்குக் கோடு போட்டது போலவே எல்லாம் தெளிவாக இருக்கும்.

விசிறி நின்றிருந்ததால் அன்று சத்தமும் கேட்டது. "தம்பி" என்றார். இரண்டு முறை. நோட்டில் சத்தத்துக்குக் கட்டம் இல்லை, இழுப்புக்கு மட்டும்தான்.

கைப்பிடி என் வலது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதையும் மறைக்கவில்லை. நான் அந்த நேரத்தில் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். வருவது வரட்டும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், சும்மா பாருங்கள் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். என்னுள் ஒரு அலைகூட எழவில்லை. கயிறு என் உள்ளங்கையில் துடித்தது, பிறகு கனத்தது. 1.34க்கு ஒன்று. 'இருக்கேன்' என்பதற்கு உரியது. நான் கேட்காமலே வந்தது. அதுதான் கடைசி.

கயிற்றை நான் விடவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கடைசிவரை பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

2.16க்கு ஆட்களைக் கூப்பிட்டேன். 1.31லிருந்து நாற்பத்தைந்து நிமிடம் என்று நீங்கள்தான் கழித்துப் பார்த்துச் சொன்னீர்கள். என் மனைவி கூப்பிட்ட 11.05க்கும் 11.50க்கும் நடுவில் இருப்பதும் அதுவே என்றும் சொன்னீர்கள். எனக்குத் தோன்றவில்லை. சாப்பாட்டு வேளை முடிந்து ஆட்கள் திரும்பும் நேரம் அது, அவ்வளவுதான்.

கொன்றேனா என்று கேட்டால், ஆமாம். தூக்கியிருந்தால் பிழைத்திருப்பார். தூக்க முடியும் என்று தெரிந்து தூக்கவில்லை. அதற்குக் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கோபத்தில் செய்தேன் என்று எழுதினால் போட மாட்டேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள். கோபம் இருந்திருந்தால் கை நடுங்கியிருக்கும். நோட்டைப் பாருங்கள்.

போனா?

ஆமாம். டப்பாவுக்குள் அடித்தது. 1.40 இருக்கும். விசிறி ஓடவில்லை அல்லவா, காலடியில் நன்றாகக் கேட்டது. கயிற்றுக்காரன் போன் எடுக்கக் கூடாதுதான். எடுத்தேன். அண்ணி.

"அவரு இருக்காரா தம்பி?"

"உள்ள இறங்கியிருக்கார் அண்ணி. வந்ததும் சொல்றேன்."

"சரிப்பா, ஒண்ணும் அவசரமில்ல. நீ சாப்ட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். போனை டப்பாவில் வைத்து மூடினேன். பிறகு மூச்சை எண்ண உட்கார்ந்தேன். மூன்றுக்கு மேல் போகவில்லை. மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடியும் மூன்றோடு நின்றது.

இல்லை, நோட்டில் தேடாதீர்கள். அது இருக்காது. அன்றைக்கு நடந்ததில் நான் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான். எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஒன்று போட்டேன், புள்ளி வைத்தேன். 1.34க்குக் கீழே ஒரு கிறுக்கல் இருக்கும், பாருங்கள். கோழி கிளறின மாதிரி.